சஹனில் ஏழாவது ஆள்

இப்ஹாம் விடியற்காலை சுபஹு பாங்குக்கு எழும்பினான். தொழுதான். கேத்தலை அடுப்பில் வைத்தான். தேத்தண்ணீர் ஊற்றி, நேற்று வாங்கிய பாணில் இரண்டு துண்டைத் தோய்த்துத் தின்றான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். முன் அறையில் இரவு வந்து படிந்திருந்த மணலைக் கூட்டி வாசலுக்குத் தள்ளினான். பிறகு அழிறப்பரை எடுத்துக்கொண்டு வேலை மேசையில் உட்கார்ந்தான்.

கண்டக்குழியில் கம்ப்யூட்டர் வேலை அழிறப்பரில்தான் தொடங்கும். சோளகம் வீசும் மாதங்களில் கடல் காற்றோடு உப்பும் வீட்டுக்குள் வந்துவிடும். யன்னலைப் பூட்டினாலும் வரும். நினைவகத் தகடுகளான ரெம் துண்டுகளின் மஞ்சள் பற்களில் அது படிந்துவிட்டால் கம்ப்யூட்டர்ப் பெட்டி உயிர்க்காது. பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் அந்தப் பற்களைத் தேய்த்துத் திரும்பப் பொருத்தினால் பாதிக் கோளாறு தீர்ந்துவிடும். கொழும்பில் நான்கு வருஷம் படித்தபோது இதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

மேசையில் இருந்த பெட்டி சுல்பாவுக்கானது.

சுல்பா தில்லையடிக்காரி. கல்யாண வீடுகளில் பெண்கள் மண்டபத்துக்குள் ஆண் கேமராக்காரர் போக முடியாது. அங்கே படம் எடுப்பவள் அவள்தான். புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரை எத்தனையோ பெண்களின் முகங்கள் அவளுடைய டிஸ்கில் இருந்தன. அந்தந்த வீட்டாரைத் தவிர வேறொருவர் கண்ணில் அவை படக்கூடாது. அது நம்பி ஒப்படைத்த அமானிதம். அதை நம்பித்தான் அவளைக் கூப்பிட்டார்கள்.

பெற்றோல் வரிசைகளும் கரண்ட் வெட்டும் ஓய்ந்து, ஊரில் கல்யாணங்கள் மறுபடி பெருத்திருந்த வருஷம் அது.

“என்ட பழைய பெட்டி கிழடு தட்டிப் போச்சு தம்பி,” என்று சொல்லிக்கொண்டுதான் வந்தாள். “ஒரு கல்யாணத்தத் தொறக்கச் சொன்னா, அது தொறக்கிறதுக்குள்ள பொண்ணுக்கும் மாப்புளைக்கும் புள்ள பொறந்து பேரும் வச்சிருவாங்க. நல்லதா ஒன்டு புதுசாப் பூட்டித் தாங்க. ரெண்டு டிஸ்க் போடுங்க. ஒன்டு மவுத்தானாலும் மத்தது உசிரோட இரிக்கணும்.”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

“பூட்டித் தாறன் ராத்தா,” என்றான் இப்ஹாம்.

“கூலி?”

“எங்கட கல்யாணத்துக்கு நீங்கதானே படம் எடுத்த. ஷிம்லா தனிய இரிக்கிற படம் ஒன்டு தாங்க. அது போதும்.”

ஷிம்லா டெங்குக் காய்ச்சலில் மவுத்தாகி இரண்டு வருஷம். இறந்தவரின் படத்தை வீட்டில் வைத்திருந்தால் கபுறுக் குழியில் மையித்துக்கு வேதனை என்று அவளுடைய உம்மா றஹ்மத் உம்மா நம்பினார். கல்யாண அல்பத்தை அடுப்பில் போட்டார். இப்ஹாமின் போனைக் கேட்டார். கொடுத்தான். அதிலிருந்த படங்களையும் அழித்துவிட்டுத் திருப்பித் தந்தார். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் அவன் கொடுத்துக்கொண்டிருந்தான்.

இப்போது அவளுடைய முகம் அவனுக்கு வருவதில்லை. காது வருகிறது. கழுத்தோரத்து மச்சம் வருகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. சுல்பாவின் டிஸ்கில் மட்டும்தான் அது இன்னும் இருந்தது.

பெட்டி ஒரே நாளில் எழும்பிவிட்டது. மதர்போர்ட், கிராபிக்ஸ், பவர் சப்ளை எல்லாம் சொன்னபடி கேட்டன. கடலையும் பூனையையும் படமெடுத்து நிறம் சரிபார்த்தான். குறையில்லை. இனிப் பழைய டிஸ்கில் உள்ளதைப் புதியதற்கு மாற்ற வேண்டியதுதான்.

பெண்களின் படம் உள்ள டிஸ்கைத் தொடும்போது இப்ஹாமுக்கு ஒரு முறை இருந்தது. மொனிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவான். படங்கள் கொப்பியாகி முடிந்தால் பெட்டி சத்தம் கொடுக்கும்; அதுவரை திரையைப் பார்ப்பதில்லை. அப்படித்தான் திருப்பி வைத்துவிட்டு நடுப்பகல் லுஹர் தொழப் போனான்.

திரும்பி வந்தபோது, பூட்டிய யன்னல்களால் அறை இருட்டாக இருந்தது. மொனிட்டரின் வெளிச்சம் சுவரில் விழுந்திருந்தது.

வெளிச்சம் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

சிவப்பு. கொஞ்ச நேரம் கழித்துப் பொன்நிறம். பிறகு ஊதா.

யாரோ ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு போவது போல.

சும்மா விட்டால் படங்களை ஓட்டிக் காட்டும் வசதி ஏதோ திறந்துகொண்டது என்று நினைத்தான். மவுஸைக் கழற்றினான். கீபோர்டைக் கழற்றினான். நிறம் மாறுவது நிற்கவில்லை. படங்கள் தானாக ஓடினால் ஒரே கதியில் ஓட வேண்டும். இது அப்படி இல்லை. சிலதைச் சட்டென்று தள்ளியது. சிலதில் நின்றது. தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

கடைசியில் சுவர் இளம்பச்சையானது. அதிலேயே நின்றுவிட்டது.

ஷிம்லாவின் கல்யாணப் புடவை இளம்பச்சை. ஊரில் ஒருவரும் உடுக்காத நிறம் என்று அடம்பிடித்து எடுத்தது.

அறையில் பப்பாசி இலையைக் கசக்கிப் பிழிந்த மணம் எழுந்தது. காய்ச்சலுக்கு அவன் தன் கையால் பிழிந்து கொடுத்த சாறு. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தது.

பெட்டி நீளமாக ஒரு சத்தம் போட்டு நின்றது. கொப்பி அறுந்திருந்தது.

படம் ஏதும் வராமல் எழுத்து மட்டும் தெரியும் கறுப்புத் திரையில், எந்த இடத்தில் அறுந்தது என்று பார்த்தான். ‘இப்ஹாம் – ஷிம்லா’ என்று பேர் போட்ட இடம். மொனிட்டரைத் திரும்பச் சுவர்ப் பக்கம் வைத்தான்.

வயரை மாற்றினான். அதே இடத்தில் அறுந்தது. ரெமைக் கழற்றித் தேய்த்துப் பூட்டினான். அதே இடம். மறுநாள் கற்பிட்டிக்குப் போய் வேறு பவர் சப்ளை இரவல் வாங்கி வந்தான். அதற்கு மறுநாள் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டான். ஒவ்வொரு முறையும் எரிச்சல் கூடியது. நல்ல பெட்டி. நல்ல டிஸ்க். பிழை எங்கேயும் இல்லை, வேலையும் நடக்கவில்லை. ஒரு தடவை ஸ்க்ரூடிரைவரைச் சுவரில் எறிந்தான். சுவரில் அப்போதும் இளம்பச்சை வெளிச்சம்தான் இருந்தது. ஸ்க்ரூடிரைவர் பட்ட இடத்தில் அது ஒரு கணம் விலகி, திரும்பக் கூடியது.

தண்ணீரில் விழுந்த நிழலைப் போல.

மொனிட்டரை ஒரு சாண் திருப்பினால் போதும். முகம் தெரிந்துவிடும். ஆனால் படத்தில் அவள் மட்டும்தான் இருப்பாள் என்று யார் கண்டது? கை மொனிட்டரின் விளிம்பு வரை போய்த் திரும்பியது. சுல்பாவுக்குப் போன் எடுத்தான்.

“ராத்தா, நீங்களே வந்து பாருங்க. என்னால ஏலா.”

அன்று மாலை அசர் தொழுகைக்குப் பிறகு வந்தாள். த்ரீவீல்காரர் முற்றத்தில் காத்திருந்தார். ஊர் வாய்க்குப் பயந்து வாசல் கதவைத் திறந்தே வைத்தார்கள். காற்று மணலை அள்ளி உள்ளே போட்டது. சுல்பா மொனிட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தாள். இப்ஹாம் மொனிட்டருக்குப் பின்னால் சுவரோடு நின்றான். அவனுக்குத் தெரிந்தது சுல்பாவின் முகமும் அதில் விழுந்த வெளிச்சமும்தான்.

“உங்கட கல்யாணம்... இந்தா இரிக்கி,” என்றாள். முகம் பச்சையானது. பிறகு நெற்றி சுருங்கியது.

“என்ன ராத்தா?”

“கதிரை இரிக்கி. மாலை இரிக்கி. ஆள் இல்ல.”

“வடிவாப் பாருங்க.”

“கண் தெரியாமலா நான் படம் எடுக்கிற? புடவ கூட கதிரையில அப்படியே இரிக்கி தம்பி. உள்ளுக்கு ஆள் மட்டும் இல்ல.” தொண்டையைச் செருமிக்கொண்டாள். “டிஸ்க் பழுதாகியிருக்கும். மத்தக் கல்யாணங்களையும் பாப்பம்.”

சிவப்பு அவள் முகத்தில் விழுந்தது. பொன்நிறம் விழுந்தது. விரல் நின்றது.

“சஹனுக்கு எத்தின பேர்?”

இது என்ன கேள்வி என்று பார்த்தான். கல்யாணச் சோற்றுக்குப் பெரிய தட்டம் ஒன்றைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாய்த் தின்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“ஆறு.”

“இதில ஏழு.”

காற்றில் கதவு ஒரு முறை அடித்தது.

“போன மாசம் நானே எடுத்த படம்,” என்றாள் சுல்பா. குரல் தணிந்திருந்தது. “நானே நிறம் திருத்தி, நானே அல்பம் போட்ட. அப்ப ஆறு பேர்தான். எல்லாரும் சோத்தப் பாக்கிறாங்க. ஒருத்தி மட்டும் கேமராவப் பாக்கிறா. வீட்டுச் சட்டையோட.”

“யாரு?”

சுல்பா அடுத்ததைத் திறந்தாள். அதற்கடுத்ததையும்.

“கனமூலைக் கல்யாணத்தில தூரத்துச் சஹன்ல இரிந்தா. இதில நடுவில. இந்தா, இதில...” கதிரையைப் பின்னால் தள்ளினாள். “கிட்ட வந்திட்டா. லென்ஸுக்கு முன்னுக்கு.”

இப்ஹாம் மொனிட்டரைச் சுற்றி ஓரடி வைத்தான்.

“வராதீங்க!”

“என்ட பொண்டாட்டி ராத்தா.”

“ஓம். மத்த ஆறு பேரும் யார்ட பொண்டாட்டி? முக்காடில்லாம இரிக்காங்க. நாளைக்கி அவங்கட மூஞ்சில நான் எப்படி முழிக்கிற?”

நின்றான். ஷிம்லாவின் முகத்துக்கும் அவனுக்கும் நடுவே மொனிட்டரின் பிளாஸ்டிக் முதுகுதான் இருந்தது. அதில் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரை வாசித்தான். திரும்பவும் வாசித்தான்.

“அவவ மட்டும் வெட்டி எடுங்க,” என்றான். “மத்த ஆக்கள அழிச்சிட்டுக் காட்டுங்க. கெஞ்சிக் கேக்கிறன்.”

சுல்பா பிஸ்மி சொல்லித் தொடங்கினாள். ஒவ்வொருவராக அழித்தாள். அழிக்க அழிக்க அவள் முகத்தில் நிறங்கள் குறைந்தன. பப்பாசி இலை மணம் அறையை நிறைத்தது. அவளும் மூக்கைச் சுளித்தாள்.

“முடிஞ்சி. தனிய இரிக்கா. அல்லாஹ்வே, அப்படியே இரிக்கா.”

மொனிட்டரை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக அவன் பக்கம் திருப்பினாள்.

வெள்ளைச் சுவர். அதில் தொங்கவிட்ட காகிதப் பூக்கள். கீழே பாய்.

“எங்க?”

சுல்பா எட்டிப் பார்த்தாள். மொனிட்டரைப் பிடுங்கித் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு கல்யாணமாகத் திறந்து எண்ணினாள். சத்தமாகவே எண்ணினாள். எல்லாச் சஹனிலும் ஆறு பேர்.

“இப்ப இரிந்தா தம்பி. உம்மா மேல சத்தியமா இப்ப இரிந்தா.”

பெட்டி தானாகக் கொப்பியைத் தொடங்கியது. இந்த முறை எங்கேயும் அறுக்கவில்லை. முடிந்ததும் சின்னதாகச் சத்தம் கொடுத்தது. ஒழுங்கான பெட்டி. அத்தனை நாளும் அவன் பட்ட பாட்டைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது.

வயர்களைக் கழற்றினான். பெட்டியையும் மொனிட்டரையும் த்ரீவீலில் ஏற்றிக் கயிறு போட்டான். சுல்பா அவன் கண்ணைப் பார்க்காமல் நின்றாள். கூலி கொடுக்க அவளிடம் ஒன்றுமில்லை. என்ன செய்வதென்று தெரியாதவள் கையிலிருந்த போனை உயர்த்தினாள்.

“வாசல்ல நில்லுங்க தம்பி, ஒரு படம் எடுக்கிறன். ‘இவர்தான் பூட்டித் தந்தவர்’ன்டு நாலு பேருக்குச் சொன்னாலாவது உங்களுக்கு வேல வரும்.”

நின்றான். எடுத்தாள். த்ரீவீல் மணலில் இழுபட்டுப் போனது.

மஃரிப் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. அவன் வெறும் மேசைக்கு முன்னால் இருந்தான். கதவைப் பூட்டியிருந்தான். விளக்கு இன்னும் போடவில்லை.

“தம்பி.” சுல்பா ரகசியமாகப் பேசினாள். பின்னால் பாலாவிச் சந்தியின் பஸ் சத்தம் கேட்டது. “வீட்டில ஆரும் இரிக்காங்களா?”

“இல்ல.”

“வாசல்ல எடுத்த படத்தப் பாத்த. நீங்க தனிய நிக்கல்ல.”

அவன் மேசையில் படிந்திருந்த மணலை விரலால் ஒதுக்கினான்.

“உங்கட தோளுக்குப் பின்னால. வீட்டுக்குள்ள. கேட்குதா? வெளியே வாங்க தம்பி. பள்ளிவாசலுக்குப் போய் இரிங்க.”

“முகம் தெரியுதா ராத்தா?”

“என்ன?”

“முகம். தெரியுதா?”

“தெரியுது,” என்றாள். அழுதாள். “உங்களப் பாத்துட்டு இரிக்கா.”

“அனுப்புங்க.”

“அனுப்பினா இல்லாமப் போயிரும். மொனிட்டர்ல நடந்தது தெரியும்தானே. அனுப்பமாட்டன்.” போன் அறுந்தது.

இப்ஹாம் போனைக் கவிழ்த்து வைத்தான். அறைக்குள் இருட்டு ஏறியது. வெளியே பாங்கு தொடங்கியது. முதுகுக்குப் பின்னால், மிகக் கிட்ட, பப்பாசி இலையின் கசப்பு மூச்சு விட்டது.

பார்த்தால் போய்விடுவாள். மொனிட்டர் கற்றுக்கொடுத்திருந்தது.

அவன் திரும்பவில்லை. தொழுகைக்கும் எழும்பவில்லை. கதிரையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் பின்னால் இடம் விட்டான்.

ஷிம்லா உயிர் பிரியும்போது கடைசியாகக் கலிமா சொன்னாள் என்று றஹ்மத் உம்மா எல்லாரிடமும் சொல்வார். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவன் மறுத்ததில்லை. உண்மையில் அவள் கடைசியாகப் பேசிய அன்று, ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்து பெண்கள் வார்டிலிருந்து ஆண்களை விரட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் கட்டிலை விட்டு எழும்ப மனமில்லாமல் இருந்தான். அவள் அவனுடைய முழங்கையைத் தள்ளிவிட்டாள்.

“நீங்க போங்க,” என்றாள். “நான் பின்னால வாறன்.”