ஒன்பது எண்ணும் வரை

ஏற்றத்தில் சைக்கிள் கனக்கவில்லை. எவால்ட் ஹோம்பெர்குக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

பழைய ரயில் பாதை அது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துத் தார் போட்டு, சைக்கிள்காரர்களுக்கென்றே விட்டிருந்தார்கள். கார் கிடையாது, மோட்டார் இரைச்சல் கிடையாது. ரயில் ஏறிய வழி என்பதால் ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, முட்டிக்குத்தான் தெரியும். வழக்கமாக எழுபத்தொரு வயது நெஞ்சு இரைக்கிற வளைவில் அன்று மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

அது இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிள். முன்னால் அவர், பின்னால் மனைவி ரோஸ்விதா. இருவர் மிதிகட்டைகளும் ஒரே சங்கிலியில் பூட்டியவை. ஒருவர் கால் செய்வது மற்றவர் காலுக்குத் தெரியாமல் போகாது. ரோஸ்விதாவின் இடது முட்டி பழுது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கால் மேலே வரும்போது ஒரு சின்னத் தடுக்கல் சங்கிலி வழியாக அவர் பாதத்துக்கு வந்து சேரும். அன்று அந்தத் தடுக்கல் இல்லை. சுற்று முழுக்க ஒரே சீரான அழுத்தம். இளங்காலின் அழுத்தம்.

யாருக்காக இந்தத் தெம்பு என்று அவர் நினைத்தார்.

சைக்கிள் அவருடையதல்ல. அண்ணன் லோதருடையது. ரோஸ்விதாவை மணக்க நிச்சயமானபோது லோதர் வாங்கியது. அவன் செத்த பிறகு நாற்பத்தாறு வருடம் பரணில் தொங்கியது. இந்த வசந்தத்தில் அவளாகவே அதை இறக்கச் சொன்னாள். துணியால் துடைத்தாள், எண்ணெய் விட்டாள். துடைக்கும்போது வாய்க்குள்ளேயே ஏதோ பாடினாள். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடத்தில் எவால்டுக்காக அவள் ஒரு தடவைகூட அப்படிப் பாடியதில்லை. அவர் அதைக் கவனித்து வைத்துக்கொண்டார். அவளுடைய ஒவ்வொரு சிரிப்பும் எந்தப் பக்கம் பார்த்து வந்தது என்று கவனித்து வைப்பவர் அவர்.

முன்னிருக்கை லோதரின் உயரத்துக்கு இருந்தது. ஹோம்பெர்க் வீட்டில் லோதர்தான் உயரம். எவால்ட் அதை இரண்டு விரற்கடை இறக்கித் திருகினார். மறுநாள் அது பழைய உயரத்தில் நின்றது. மறுபடி இறக்கினார். மறுபடி ஏறியிருந்தது. அவளைக் கேட்கவில்லை. கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

"ரோஸ்விதா, கொஞ்சம் மெல்ல மிதி."

"நான் எங்க மிதிக்கிறேன்? பாலம் தாண்டுனதுலேர்ந்து காலத் தூக்கித்தான் வெச்சிருக்கேன். முட்டி வலிக்குது."

"பொய் சொல்லாத."

"நம்பலன்னா திரும்பிப் பாரேன்."

அவர் திரும்பவில்லை. முன்னால் ஓட்டுகிறவன் திரும்பினால் சைக்கிள் சாயும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மின்சார சைக்கிளில் ஓர் இளஞ்ஜோடி அவர்களைக் கடந்து இறங்கியது. பையன் கைகாட்டிவிட்டுப் போகிற போக்கில் சொன்னான்: "பெரியவரே, பின்னாடி இருக்கிறவன் நல்லா மிதிக்கிறான். நீங்க சும்மாதானே உக்காந்து வரீங்க." அந்தப் பெண்ணின் சிரிப்பு வளைவுக்கு அப்பால் போய்த் தேய்ந்தது.

பின்னாடி இருக்கிறவன்.

ரோஸ்விதாவுக்கு முடி குட்டை, தலையில் தொப்பி. அதனால்தான். அதனால்தான் என்று நான்கு சுற்றுக்கு நினைத்துக்கொண்டார்.

அக்டோபரின் கடைசி ஞாயிறு. அன்று அதிகாலையில்தான் குளிர்காலத்துக்காகக் கடிகாரங்களை ஒரு மணி பின்னால் திருப்பியிருந்தார்கள். நாலரைக்கே வெயில் முகட்டைத் தாண்டிவிட்டது. வண்டு அரித்துச் செத்த ஊசியிலை மரங்கள் சரிவெங்கும் வெளிறி நின்றன. மழையில் ஊறிய சருகின் வாடையும் காளான் வாடையும் பாதையின் மேல் கட்டி நின்றன. அவர்கள் உல்லாசமாக வரவில்லை, ஒரு கடமைக்காக வந்திருந்தார்கள். மலைக்குள் போகும் எழுநூறு மீட்டர் சுரங்கத்தில் குளிர்காலம் முழுக்க வௌவால்கள் தொங்கும். ஏப்ரல் வரை இரு முனைக் கம்பிக்கதவுகளையும் பூட்டிவைக்க வேண்டும். சாவி எவால்டிடம். அவர் தகப்பனார் இந்தப் பாதையின் மேற்பார்வையாளராக இருந்தவர். ரயில் போனாலும் சாவி ஹோம்பெர்க் வீட்டில்தான் இருக்க வேண்டுமென்று ஊர் சங்கமே கொண்டுவந்து கொடுத்தது.

சுரங்கத்தின் கீழ்வாயில் ஒரு பெஞ்சு. ரோஸ்விதா பிளம்ஸ் கேக்கைத் துண்டுபோட்டாள், குடுவையிலிருந்து காபி ஊற்றினாள். பிறகு சைக்கிளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு நேரத்துக்கு ஊதுனியா, எவால்ட்?"

நாற்பத்தாறு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"அப்பா எழுதி வெச்சிருக்காரே."

"அப்பா எழுதுனதக் கேக்கல. நீ ஊதுனதக் கேக்குறேன்."

"ஊதினேன்."

"எத்தன எண்ணுனதுக்கு அப்புறம்?"

காபி அவர் விரலில் வழிந்தது. சுட்டது. துடைக்கவில்லை.

சுரங்கத்துக்குள் லோதர் தண்டவாளத்துக்கு ஆணி முடுக்கிக்கொண்டிருந்தான். மேல்வாயில் எவால்ட் பித்தளைக் கொம்போடு காவல் நின்றார். ரயில் வந்தால் ஊதுவது அவர் வேலை. கல்யாணத் தேதியை லோதர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தான். மேற்கிலிருந்து தண்டவாளம் அதிர்ந்தது. அவர் கொம்பை உதட்டில் வைத்தார். கன்னம் நிறையக் காற்று. ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஒன்பது வரை எண்ணினார். பிறகு ஊதினார். லோதருக்கு விலக நேரம் போதவில்லை. கொம்பு நேரத்தில் ஊதப்பட்டது என்று தகப்பனார் எழுதிக் கையெழுத்திட்டார். ஹோம்பெர்க் பெயரில் ஒரு கீறல் விழவில்லை. கொம்பு இன்றும் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒன்பதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை.

"யாரு சொன்னா ஒனக்கு?"

ரோஸ்விதா மடியிலிருந்த துணுக்குகளைத் தட்டிவிட்டாள். "சும்மா கேட்டேன்" என்றாள். அவள் பார்வை அப்போதும் முன்னிருக்கையின் மேலேயே இருந்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதல்ல அவர் நெஞ்சைப் பிடித்தது. லோதர் இவளிடம் பேசியிருக்கிறான். என் வீட்டில். என் முதுகுக்குப் பின்னால்.

கீழ்வாய்க் கதவைத் தாண்டி உள்ளே வந்து, அதை உட்புறமிருந்து பூட்டினார். இனி மேல்வாய் ஒன்றுதான் வழி. 'உள்ளே மணி அடித்துச் செல்லவும்' என்று பலகை சொன்னது.

"மணி அடி" என்றாள் ரோஸ்விதா.

அவர் அடிக்கவில்லை. இந்தச் சுரங்கத்தில் அவர் என்றைக்கும் அடித்ததில்லை.

உள்ளே விளக்குகள் ஆள் நடமாட்டம் தெரிந்தால்தான் எரியும். முன்னால் ஒன்று எரிய, பின்னால் ஒன்று அணைந்தது. ஈரச் செங்கல்லின் வாடை, பழைய கரியின் வாடை, அதற்கும் அடியில் பித்தளையைத் தேய்த்த கையின் வாடை. எங்கோ நீர் சொட்டியது. சக்கரத்தின் கிர்ரென்ற ஒலி சுவரில் பட்டு இரண்டாகத் திரும்பி வந்தது. மிதிகட்டை வேகமெடுத்தது. அவர் காலை அது இழுத்துக்கொண்டு சுற்றியது.

பின்னால் ரோஸ்விதா தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்ட பேசுற?"

சிரிப்பு. நாற்பத்தைந்து வருடமாகப் பழகிய மனைவியின் சிரிப்பல்ல அது. நிச்சயமான அன்று தோட்டத்தில், அவர் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்ட சிரிப்பு. அவருக்குக் கிடைக்காத சிரிப்பு.

பின்னால் சுரங்க விளக்கு ஒன்று அணையாமல் எரிந்தது. அவர் நிழல் முன்னால் நீண்டு விழுந்தது. அதன் தோள்களுக்கு மேலே இன்னொரு ஜோடித் தோள்கள். அகலமாக. உயரமாக.

பிரேக்கைப் பிடித்தார். நிற்கவில்லை. மிதி. மிதி. தடுக்கல் இல்லை. மேல்வாயின் சாம்பல் வெளிச்சம் பெரிதானது. வெளியே வந்து விழுந்தார்.

குளிர்ந்த காற்று. அவர் எழுந்து சைக்கிளை நிமிர்த்திப் பார்த்தார்.

பின்னிருக்கை காலி.

எங்கே இறங்கினாள்? எடை குறைந்தது அவருக்குத் தெரியவில்லை. மிதிப்பது நிற்கவே இல்லையே.

சுரங்கத்துக்குள் விளக்குகள் அணைந்திருந்தன. இருட்டுக்குள்ளிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. அதோடு சேர்ந்து ஓர் ஆண் இருமல். கரித்தூளில் வேலை செய்தவனின் இருமல்.

பூட்டும் முறை அவருக்குத் தெரியும். அவர்தான் அதைப் பலகையில் எழுதியவர். மணி அடிக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். காத்திருக்க வேண்டும். அதன் பிறகே பூட்ட வேண்டும்.

அவர் கட்டைவிரல் மணியின் மேல் இருந்தது.

அவளைக் கூப்பிட்டால் வருவாளா? அதுதான் கேள்வி. நாற்பத்தைந்து வருடமாக அதுதான் கேள்வி. கூப்பிட்டு அவள் வராவிட்டால், அது தெரிந்துவிடும். தெரியாமலே இருக்கட்டும்.

விரலை எடுத்தார். கதவைச் சாத்தினார். சாவியைத் திருப்பினார். ஏப்ரல் வரை.

கீழ்முனையில் ஒரு விளக்கு எரிந்தது.

பிறகு அடுத்தது. அதற்கடுத்தது. நடக்கிற வேகத்தில், அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக அவரை நோக்கி. விளக்குகளுக்குக் கீழே ஒருவரும் இல்லை. இன்னும் நான்கு விளக்கு. மூன்று. சாவி கையில்தான் இருந்தது. கை அசையவில்லை. கடைசி விளக்கும் எரிந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் ரோஸ்விதா நின்றாள். பக்கத்தில் அவளைவிட ஒரு தலை உயரமாக அவன். அவள் கை அவன் கைக்குள் கோத்திருந்தது. அவள் எவால்டைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தாள்.

எவால்டின் காலடியில் தார் அதிர்ந்தது.

லேசாக. பிறகு லேசாக இல்லை. பெயர்த்தெடுத்து முப்பது வருடமான தண்டவாளம் அவருடைய இரு பாதங்களுக்கும் வெளியே பாடத் தொடங்கியது. முதுகுக்குப் பின்னால், மேற்கிலிருந்து, மஞ்சள் வெளிச்சம். கம்பிகளின் நிழல் அந்த இரு முகங்களிலும் கோடு கோடாக விழுந்தது.

விலக வேண்டும். கால் வரவில்லை.

லோதர் பித்தளைக் கொம்பை உதட்டில் வைத்திருந்தான். கன்னம் நிறையக் காற்று. ஊதவில்லை.

ரோஸ்விதா இப்போது எவால்டைப் பார்த்தாள். அவள் உதடுகள் அசைந்தன.

"ஏழு" என்றாள். "எட்டு."