அம்மா போட்ட கையெழுத்து

"டீ ஆறுது பாரு... ஒரு வாய் குடிச்சிட்டுப் போயேன்டி!"

மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நேற்று வேலையிலிருந்து வந்தது முதலே இப்படித்தான். முகம் கொடுத்து ஒரு வார்த்தை இல்லை.

கூடத்தில் பேப்பரை விரித்திருந்த நாத்தனார் குரல் கொடுத்தாள். கணவரின் அக்கா. பத்து வருஷமாக இந்த வீட்டில்தான் வாசம். வாசம் என்ன வாசம், ஆட்சி!

"அவளை ஏன் கெஞ்சறே? துணிக்கடையில பொம்மைக்கு உடுத்தி விடுற வேலை, அதுக்கு இந்த மிடுக்கா! ஆனா ஒண்ணு, நாம எழுதிக் கொடுத்த புகார் பலிச்சிடுச்சு. இவ கடையில ஏத்தின வானவில் கொடியை இறக்கிட்டானாம். நாப்பத்திரண்டு கையெழுத்துன்னா சும்மாவா!"

மகள் நிமிர்ந்தாள்.

"அதுல ஏழாவது கையெழுத்து யாரோடதுன்னு நேத்துதான் பார்த்தேன் அத்தை. மேனேஜர் என் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொன்னார்." பேச்சு அத்தையோடு, பார்வை மட்டும் அம்மா மேல். "உன் எழுத்து எனக்குத் தெரியாதாம்மா?"

கதவு அறைந்து சாத்திக்கொண்டது. அம்மா சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

தெரியாமல் போட்டிருந்தால்கூட மனசு ஆறும். தெரிந்தே அல்லவா போட்டாள்!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் அவள் மடியில் தலைவைத்துச் சொன்னாள். "எனக்கு ஒரு பொண்ணைத்தாம்மா பிடிச்சிருக்கு. வாழ்ந்தா அவளோடதான்." அம்மா சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். "அப்பா தாங்க மாட்டார். அத்தை காதுல விழுந்தா ஊரே சிரிக்கும். எனக்காக வீட்டுல யார்கிட்டயும் சொல்லாதே!" மகள் சொல்லவில்லை. வேலை பார்க்கும் கடையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், வீட்டில் மட்டும் ரகசியமானது. கல்யாணப் பேச்செடுத்து அத்தை குத்திய குத்தையெல்லாம் தின்றுகொண்டு பேசாமல் இருந்தாள். இந்த வீட்டில் பொறுத்துப் போகிறவள் தான் ஒருத்திதான் என்று அம்மா இத்தனை நாள் நினைத்திருந்தாள்...

இந்த வருஷம் அந்தக் கடை, ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் விரும்புகிறவர்களுக்கு ஆதரவாக வாசல் கண்ணாடிக்குள் வானவில் கொடியை ஏற்றியது. 'யாரை விரும்பினாலும் இது உங்கள் கடை' என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாய் வெட்டி ஒட்டியவள் மகள்தான். அந்த வாரம் பூரா வீட்டில் பாட்டு முணுமுணுத்தாள். அடுத்த வாரமே நாத்தனார் புகார்க் காகிதத்தோடு வந்து நின்றாள். "ஏன், உனக்குப் போட மனசில்லையா?" அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அம்மா கையெழுத்துப் போட்டாள்.

அடுப்பை அணைத்தாள். கைப்பையை எடுத்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"கடைக்கு, அண்ணி."

கடையின் கண்ணாடி வெறிச்சோடிக் கிடந்தது. எழுத்துகளைச் சுரண்டிய இடத்தில் பசைத் தடம் மட்டும் மிச்சம். அம்மா நேரே மேனேஜரிடம் போனாள்.

"நான் ஒரு புகார்ல கையெழுத்துப் போட்டிருக்கேன் சார். அதை அடிச்சிடுங்க. கொடியைத் திரும்ப ஏத்துங்க."

பில் போட நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வியாபாரம் பண்றவங்கம்மா நாங்க," என்றார் அவர் தாழ்ந்த குரலில். "எதிர்ப்புன்னா மேலிடத்துல பயப்படறாங்க. ஆதரவா ஒரு கடிதம்கூட வரலையே!"

"எப்படி சார் வரும்? எழுத வேண்டியவங்கல்லாம் என்னை மாதிரி வாயை மூடிட்டு வீட்டுல உக்கார்ந்திருக்கோம்! நீங்க கொடியே ஏத்தாம இருந்திருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. 'உன் பக்கம் நிக்கிறேன்'னு சொல்லிட்டு, நாலு பேர் முறைச்சதும் நகர்ந்துட்டீங்களே... அந்தப் பிள்ளைங்க மனசு என்ன பாடுபடும்! நானும் அதைத்தான் செஞ்சேன். பெத்தவளே செஞ்சேன். நீங்களாவது செய்யாதீங்க சார்..."

"பெத்தவளா?"

"இந்தக் கண்ணாடியை அலங்கரிச்சாளே... அவ என் பொண்ணு."

மேனேஜர் முகம் சுண்டியது. அந்தப் புகாரை மகள் கையிலேயே கொடுத்துப் படிக்க வைத்தவர் அவர்தானே! ஒரு வெள்ளைத் தாளை அம்மா பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இப்போ சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்கம்மா. இன்னிக்கே மேலிடத்துக்கு அனுப்பறேன். பதில் எப்படி வந்தாலும் சரி, கொடி இன்னிக்கே ஏறும். கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

எழுதி முடித்து நிமிர்ந்தபோது, மாடிப்படியில் அட்டைப்பெட்டியோடு மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ! கண்ணிரண்டும் சிவந்திருந்தன.

"ரெண்டு வருஷம்மா..." என்றாள். "உனக்காகத்தானே வாயைக் கட்டிட்டு இருந்தேன். நீ போய்..."

"மன்னிச்சுடுன்னு கேக்கக்கூட எனக்கு மூஞ்சி இல்லடி."

பெட்டி கீழே விழுந்தது. மகள் தோளில் சாய்ந்தபோது அம்மாவுக்கு அழுகையைவிட வெட்கம்தான் முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் பார்க்க மகளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"சாயங்காலம் அப்பா வந்ததும் நானே சொல்லிடட்டுமா? நீ சரின்னாத்தான்."

"அத்தையும் இருப்பாங்களே..."

"இருக்கட்டும்! அவங்களும் கேட்டுக்கட்டும்."

மகள் மெல்லத் தலையசைத்தாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தயங்கி நின்றாள். இரண்டு வருஷத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அவள் கேட்டதில்லை.

"ஞாயித்துக்கிழமை அவளைச் சாப்பிடக் கூட்டிட்டு வாயேன்... ஏண்டி, அவளுக்குக் காரம் ஆகுமா?"

மகளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"ஆகாதும்மா... கொஞ்சம்கூட ஆகாது!"