மாதாவின் காலடியில் ஒற்றைக் கண்

கோண்டர் மலைமேல் இருந்த அந்தப் பழைய தேவாலயத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. உள்ளே தூபப் புகையும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாசனை. சுவரில் போன மாதம் நான் தீட்டிய மாதா. இடது கையில் குழந்தை, இருபுறமும் வாளேந்திய தேவதூதர்கள்.

வுபாலெம் காத்திருந்தாள். அவளுடைய ஒன்பது வயது மகள் த்ரிங்கோ இருபது நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள்.

"மாதா காலடியில எம்பொண்ண வரைஞ்சிடுங்க, மெர்ஷா அண்ணே. மாதா பார்வை பட்டா பொழச்சுக்குவா."

"அழாதம்மா. ரெண்டு கண்ணும் பளிச்சுனு வரைஞ்சு தர்றேன்."

எங்கள் ஓவியங்களில் நல்லவர்களுக்கு முழு முகம், இரண்டு கண். பக்கவாட்டு முகமும் ஒற்றைக் கண்ணும் பிசாசுக்கும் யூதாசுக்கும் மட்டும்தான். இருபத்தாறு வருடத்தில் நான் ஒருமுறைகூட மாற்றி வரைந்ததில்லை.

மாலைக்குள் முடித்தேன். முழு முகம். கூப்பிய கைகள்.

மறுநாள் காலை பாதிரியார் லிசான் கதவைத் திறந்துவிட்டார்.

சுவரில் த்ரிங்கோவின் முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

ஒரே கண்.

"என்னய்யா செஞ்சு வச்சிருக்க?" பாதிரியார் சுவரைக் காட்டினார்.

"சத்தியமா நான் இல்ல, சாமி. சாவி உங்ககிட்டதான இருந்துச்சு?"

அவர் இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சுரண்டிவிட்டு மறுபடி வரைந்தேன். சாயம் காயும்வரை கண்ணெடுக்காமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒருமுறை தும்மினேன். அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தபோது முகம் மறுபடி திரும்பியிருந்தது. மாதாவை நோக்கி நான் வைத்திருந்த தூதர்களின் கருவிழிகள் இப்போது கீழே, த்ரிங்கோவையே பார்த்தன.

தூரிகை கைநழுவி விழுந்தது. குனிந்து எடுக்கத் தைரியம் வரவில்லை.

"அண்ணே! காய்ச்சல் விட்டுடுச்சு!" வுபாலெம் வாசலில் மூச்சிரைக்க நின்றாள். "எந்திரிச்சு உக்காந்து சாப்பாடு கேட்டா!" சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு குரல் தாழ்ந்தது. "ஆனா... என்னை நேராப் பாக்க மாட்டேங்குறா. வந்து என்னன்னு பாருங்களேன்."

அவள் கண்ணில் படாதபடி சுவரை மறைத்து நின்றேன். வேறென்ன செய்வது?

பாதிரியாரையும் கூட்டிக்கொண்டு மூவரும் அவள் வீட்டுக்குப் போனோம். த்ரிங்கோ கட்டிலின் நடுவில் உட்கார்ந்து இஞ்சேரா அப்பத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"அம்மாவப் பாருடி, கண்ணு."

அவள் மெல்லச் சிரித்தாள். இடக்கன்னம் மட்டும் தெரிந்தது.

பாதிரியார் தலைமாட்டுக்குப் போனார். நான் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனேன்.

அங்கேயும் இடக்கன்னம்தான்.

"சாமி," கிசுகிசுத்தேன், "உங்களுக்கு எது தெரியுது?"

அவர் சிலுவையைப் பற்றியபடி பின்வாங்கினார்.

ஆறு வாரமாகிறது. த்ரிங்கோ நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். வுபாலெம் மகளைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். மகளின் இன்னொரு கண்ணை அவள் இதுவரை பார்க்கவில்லை.