வெளிப்பக்கத்துச் சுவிட்ச்

பிற்பகல் இரண்டு மணிக்கே எலக்ட்ரீஷியன் வந்துவிட்டார். வீடு முழுவதற்கும் கைப்பேசியால் இயங்கும் ஸ்மார்ட் விளக்குகள். வீட்டுக்காரி கண்ணும் கருத்துமாக அவர் பின்னாலேயே நடந்தாள். கடைசியாக எஞ்சியது சன்னலற்ற பின்னறை. ஓராண்டுக்கு முன்புவரை அவளுடைய அக்கா படுத்த படுக்கையாய்க் கிடந்த அறை.

“என்னம்மா இது, லைட்டு உள்ள, சுவிட்சு வெளியவா? உள்ள இருக்கறவங்க வெளிச்சத்துக்கு மனு போடணுமா?”

அவள் சிரிக்கவில்லை. சுவிட்சை வெளிப்பக்கம் மாற்றச் சொன்னவளே அவள்தான். அக்கா ஓயாமல் கூப்பிடும்போதெல்லாம், சொல்லவும் கூசுகிறது, விளக்கை அணைத்துவிடுவாள். ‘லைட்டப் போடுடி’ என்ற கெஞ்சல் அடங்கும்வரை போடமாட்டாள்.

ஒருநாள் அது வழக்கத்தைவிடச் சீக்கிரமே அடங்கிவிட்டது.

“இதை எடுத்துடுங்க.”

“எடுத்துடலாம். யாராவது இதை அணைச்சுட்டா பல்புக்கு கரண்டே போகாது. அப்புறம் போன்ல எவ்வளவு தட்டினாலும் எரியாது. ஒயரை நேரா இணைச்சு, மேல மூடி போட்டுடறேன்.”

மெயினை அணைத்து, சுவிட்சைக் கழற்றி, ஒயர்களை இணைத்து மூடியைப் பொருத்தினார். மெயினைப் போட்டதும் பின்னறை பளிச்சென்று ஒளிர்ந்தது. அவளுடைய ஆறு வயது மகள் கைதட்டியபடி உள்ளே ஓடினாள்.

மூடிக்குப் பின்னால் ‘டக்’ என்றது.

சுவிட்சோ எலக்ட்ரீஷியன் கையில் இருந்தது.

“அம்மா, ஏன் அணைச்சே?”

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு நேர் கீழே நின்று, குழந்தை இரு கைகளாலும் காற்றைத் துழாவினாள்.

“விளையாடாதேடி குட்டி.”

“ஒண்ணுமே தெரியலம்மா. பயமா இருக்கு.”

வாரியெடுத்து வாசல் வெயிலில் நிறுத்தினாள். குழந்தையின் விழிகள் கூசவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு பின்னறை வாசலுக்கே ஓடிவந்தாள்.

“அண்ணே, அந்தச் சுவிட்சைத் திரும்ப மாட்டுங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

அவர் மாட்டினார். அவள் அழுத்தினாள்.

“இப்போ தெரியுதும்மா!”

நெஞ்சில் பால் வார்த்தாற்போல் இருந்தது. விரலை எடுத்தாள்.

டக்.

சுவிட்ச் தானாகவே அணைந்தது. “அம்மா!” என்று மகள் வீறிட்டாள்.

மீண்டும் அழுத்தி, விரலை அப்படியே வைத்துக்கொண்டாள். எலக்ட்ரீஷியன் பையைக்கூட எடுக்காமல் தெருவில் இறங்கியிருந்தார்.

“தெரியுதாடி கண்ணு?”

மகள் பின்னறைக்குள் பார்த்தாள். முகம் வெளிறியது.

“பெரியம்மா எழுந்து நிக்கறாங்க.”

அவளும் உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை.

“கிட்ட வராங்க. வேணாம்மா, அணைச்சுடு! அணைச்சுடும்மா!”

விரலை எடுத்தால் குருடு. எடுக்காவிட்டால்?

பெற்ற மனம் பதறி, விரலைத் தூக்க முனைந்தாள்.

அதன்மேல் சில்லென்ற இன்னொரு விரல் வந்து படிந்து, எடுக்கவிடாமல் அழுத்தியது.