பச்சைத் தண்ணீர்

வாயாடி என்பது அந்தப் பெண்ணுக்கு அம்மாவும் அப்பாவும் வைத்த பெயர் இல்லை. எட்டு வயதுக்குள் அவளே பேசிப் பேசிச் சம்பாதித்த பெயர். பள்ளிக்கூடத்தில் டீச்சர்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

வாயாடியின் அம்மா நகை பழுது பார்ப்பவர். வீட்டு முன்னறையில் ஜன்னல் ஓரமாக அவருடைய மேசை இருந்தது. மாடியில் தையல்கடை. கடைக்காரர் வேறு யாருமில்லை, அப்பாவின் அக்காதான். தையல்கார அத்தைக்கு வாயாடி என்றால் உயிர். அவர் மட்டும் அவளை 'கண்ணு' என்று கூப்பிடுவார்.

பள்ளி விட்டதும் வாயாடி நேரே மாடிக்கு ஓடுவாள். அங்கே அவளுக்கு ஒரு வேலை உண்டு. ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள். ஒரு வருடமாகவே அத்தைக்கு ஊசியின் காது சரியாகத் தெரிவதில்லை. அவள் கோத்துக் கொடுக்கக் கொடுக்க, அத்தை தன் மோதிரத்தைப் பற்றிக் கதை சொல்வார்.

அது மரகத மோதிரம். மே மாதம் பிறந்தவர்களுக்கு மரகதம்தான் பிறந்த மாதக் கல். அத்தை பிறந்ததும் மே மாதம்தான்.

"இந்தக் கல்லு என்ன செய்யும் அத்தை?"

"என்ன செய்யாதுன்னு கேளு, கண்ணு! பாம்பு இதைப் பார்த்தா அதுக்குக் கண்ணே போயிடுமாம். நாக்குக்கு அடியில வெச்சா நாளைக்கு நடக்கப்போறது தெரியுமாம்."

"நீங்க வெச்சுப் பார்த்தீங்களா?"

"வெச்சேனே! நாளைக்கு நடக்கறது ஒண்ணும் தெரியல. எங்கே முழுங்கிடுவேனோன்னு பயம்தான் வந்துச்சு."

வாயாடி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காதே. அந்தக் காலத்துல கல்லு செதுக்கறவங்க, கண்ணு வலிச்சா மரகதத்தையே பார்த்துக்கிட்டு இருப்பாங்களாம். வலி போயிடுமாம். போட்டிருக்கறவங்களுக்கு உடம்பு நல்லா இருந்தா கல்லு பச்சைப்பசேல்னு இருக்கும். உடம்பு கெட்டா வெளுத்துப்போகும்."

சொல்லிவிட்டு அத்தை மோதிரத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கொஞ்ச நாளாக அது அவருக்கு வெளுத்துத்தான் தெரிந்தது.

கண் டாக்டரிடம் போகலாம் என்று அம்மா எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டார். அத்தை அசையவே இல்லை. கடைசியில் ஒரு நாள் மோதிரத்தைக் கழற்றி அம்மாவின் மேசைமேல் வைத்தார்.

"இதைச் சுத்தம் பண்ணிக் கொடு. கல்லு பழையபடி பச்சையானா, என் கண்ணும் சரியாயிடும்னு அர்த்தம். ஆகலேன்னா, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நீ சொல்ற டாக்டர்கிட்ட வர்றேன். போதுமா?"

"போதும் அண்ணி" என்றார் அம்மா. கல் வெளுக்கவே இல்லை என்று அவருக்குத் தெரியும். கழுவினால் அழுக்குப் போகுமே தவிர, நிறம் மாறாது. அத்தையை எப்படியாவது டாக்டரிடம் கூட்டிப்போனால் சரி என்று இருந்தது அவருக்கு.

மோதிரத்தில் கல்லைப் பிடித்திருந்த கொக்கி ஒன்று ஆடியது. அம்மா அதைச் சரி செய்துவிட்டு வாயாடியிடம் கொடுத்தார். கற்களைக் கழுவித் துடைப்பது அவளுக்குப் பழகிய வேலைதான்.

"நான் ஒரு வளையலைக் கொடுத்துட்டு வந்துடறேன். இது மரகதம், தெரியுமில்ல? பச்சைத் தண்ணியில அலசு. அத்தை வந்தா கொடுத்துடு."

அம்மா போய்விட்டார். வாயாடி யோசித்தாள். வெள்ளைச் சட்டையை நீலத் தண்ணீரில் முக்கினால் சட்டை பளிச்சென்று ஆகிறது. அப்படியென்றால் பச்சைக் கல்லுக்குப் பச்சைத் தண்ணீர். சரிதானே!

ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்தாள். படம் வரைகிற பச்சை மையைப் பாதிப் புட்டி ஊற்றினாள். மோதிரத்தை அதற்குள் போட்டுவிட்டுக் கணக்குப் பாடம் எழுத உட்கார்ந்தாள். எழுதி முடித்து எடுத்துப் பார்த்தால், அடேயப்பா! கல் இலை மாதிரி அடர்ந்த பச்சையாக இருந்தது.

அத்தை வந்தார். மோதிரத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தியா கண்ணு, பார்த்தியா! எனக்கு ஒண்ணுமில்ல! நாளைக்கு டாக்டரும் வேணாம், கீக்டரும் வேணாம்!"

அவளுடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுப் பாடிக்கொண்டே மாடிக்குப் போனார். வாயாடிக்குப் பெருமை பிடிபடவில்லை.

அம்மா திரும்பி வந்ததும் கிண்ணத்தைப் பார்த்தார்.

"இது என்னடி?"

"நீதானே பச்சைத் தண்ணின்னு சொன்னே?"

"ஐயோ என் செல்லமே! பச்சைத் தண்ணின்னா சுட வைக்காத வெறும் தண்ணி! சூடு பட்டா மரகதத்துக்கு ஆகாது, அதனால சொன்னேன்."

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால், அத்தை டாக்டர் வேண்டாம் என்றதை வாயாடி சொன்னதும் சிரிப்பு நின்றுபோனது.

"மரகதத்துல மயிரிழை மாதிரி வெடிப்புங்க இருக்கும். அதுக்குள்ள மை இறங்கியிருக்கு. அதை எடுத்துடலாம். அண்ணி கண்ணைக் கவனிக்காம விட்டாத்தான் ஆபத்து. இரு, நான் போய்ச் சொல்றேன்."

வாயாடிக்குப் பயமாக இருந்தது. அத்தை கோபித்துக்கொள்வாரோ? இனிமேல் கண்ணு என்று கூப்பிடாமல் விட்டுவிடுவாரோ? ஆனாலும் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ சொன்னா நம்ப மாட்டாங்கம்மா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதுக்குக் கதை கட்டறேன்னு சொல்லுவாங்க. நான் பண்ணினது, நானே சொல்றேன்."

மாடிப்படி ஏறினாள். எப்போதும் பொரிந்து தள்ளுகிற வாய், அத்தையின் முன்னால் போய் நின்றதும் திறக்கவே மாட்டேன் என்றது.

"என்ன கண்ணு?"

"அத்தை... கல்லு தானா பச்சையாகல. நான் மையில போட்டுட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

"போடி! உங்கம்மா சொல்லச் சொன்னாளா?"

"இல்ல அத்தை, நிஜமா!"

வாயாடி சுற்றும் முற்றும் பார்த்தாள். வெட்டிப்போட்ட வெள்ளைத் துணி ஒன்று கீழே கிடந்தது. அதன் நுனியை நனைத்து, அத்தையின் விரலிலிருந்த மோதிரத்தை நன்றாகத் துடைத்தாள். துணியில் இளம்பச்சையாகக் கறை படிந்தது. அதை அத்தையிடம் நீட்டினாள்.

"பாருங்க."

அத்தை துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளக்கடியில் கொண்டுபோனார். மூக்கருகே கொண்டுபோனார்.

"எங்கே? வெறும் வெள்ளைத் துணிதானே இருக்கு?"

"இருக்கு அத்தை" என்றாள் வாயாடி மெல்ல. "உங்களுக்குத்தான் தெரியல."

அத்தை துணியைக் கையில் பிடித்தபடி நடந்தார். தையல் மெஷினின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். துணியை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார். வாயாடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எனக்குப் பயமா இருக்கு கண்ணு" என்றார் அத்தை கடைசியில். "கண்ணுல கத்தி வைப்பாங்களாமே."

கோபம் இல்லை, பயம்தான்! வாயாடி அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"நானும் வர்றேன் அத்தை. உங்க கையை விடவே மாட்டேன். வழி பூராவும் பேசிக்கிட்டே வர்றேன்."

"அதை நினைச்சாத்தான் இன்னும் பயமா இருக்கு" என்று சொல்லி அத்தை சிரித்துவிட்டார்.

மறுநாள் பத்து மணிக்கு மூன்று பேரும் போனார்கள். கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது, நல்ல வேளையாக இப்போதாவது வந்தீர்கள் என்றார் டாக்டர். அடுத்த வாரமே அறுவை சிகிச்சை நடந்தது. வாயாடி சொன்ன சொல் தவறவில்லை. டாக்டர் உள்ளே அழைத்துப் போகும்வரை பேசிக்கொண்டே இருந்தாள்.

கட்டுப் பிரிக்கிற நாள் வந்தது. அத்தை கண்ணை மெதுவாகத் திறந்து, இரண்டு தடவை சிமிட்டினார். எதிரே வாயாடி நின்றுகொண்டிருந்தாள்.

"அட! உன் கன்னத்துல இன்னும் குழி விழுதா?"

"எப்பவுமே விழும் அத்தை!"

"கிட்ட வா. இன்னொரு தடவை சிரி, பார்க்கலாம்."

வாயாடி சிரித்தாள். அத்தை அவள் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். வாயாடியும் ஒரு வார்த்தை பேசாமல் காட்டிக்கொண்டு நின்றாள்.