பெட்டி விழித்த பன்னிரண்டாம் நிமிடம்

"பத்தாவதைக்கூட முடிக்காதவளுக்கு யூனிக்ஸ் எதுக்குடி?"

அக்கா ஒருமுறை சின்னவளை இப்படிக் கேட்டிருந்தாள். அக்கா கல்லூரிக்குப் புத்தகம் கொண்டுபோகாத நாட்களில் சின்னவள் அவற்றைத் திருட்டுத்தனமாகப் படித்து, பிரித்த சுவடு தெரியாமல் மூடி வைப்பாள். ஆனால் அந்தப் புத்தகங்களைவிட, ஆணியில் தொங்கும் அக்காவின் கல்லூரித் தோள்பையைப் பார்த்தால்தான் அவளுக்கு வயிறு எரியும்.

பழைய சாமான் கடையில் வாங்கிய ரவுட்டர் பெட்டியில் யூனிக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, வீட்டு ஃபைபர் இணைய இணைப்பை அதில் ஓடவிட்டிருந்தாள். "பதினோரு மணிக்கு வந்து பார்க்கிறேன். ஓடினா எங்க கடையில வேலை உனக்கு" என்றிருந்தார் இணைப்புக் கடை முதலாளி. அதே வேலைக்கு அக்கா கொடுத்த மனுவைப் போன மாதம்தான் அவர் திருப்பி அனுப்பியிருந்தார்.

காலை எட்டு மணிக்கு, கரண்ட் இல்லாத நேரத்தில் கிளம்பிப்போனவள், முதலாளியையும் அவருடைய லைன்மேனையும் அழைத்துக்கொண்டு சரியாகப் பதினோரு மணிக்குத் திரும்பினாள். வாசலிலேயே அண்ணி மறித்தாள்.

"நெட் செத்துப்போச்சு! எவனோ கை வெச்சிருக்கான். விடாதே, கண்டுபிடிப்போம்!"

முதலாளி சிரித்தார். "என்னம்மா, பெட்டி தூங்குதா?"

சின்னவள் லேப்டாப்பைத் திறந்தாள். "ஃபைபர் விளக்கு பச்சையாத்தான் இருக்கு. கம்பியில கோளாறு இல்லை. பிபிபிஓஇன்னு ஒரு முறை, அதுல நம்ம பெட்டி பேரும் கடவுச்சொல்லும் சொன்னாத்தான் நெட் கம்பெனி உள்ளே விடும். எதிர்ப்பக்கம் பதில் சொல்லுது, கடவுச்சொல் தப்புன்னு. பெட்டியில இருக்கிற கடவுச்சொல்லுல யாரோ ஒரு எழுத்தை மாத்தியிருக்காங்க."

"வேற யாரு?" அக்கா மாடிப்படியில் நின்றபடி சொன்னாள். "கம்பியைச் சோதிக்கணும்னு ஒன்பது மணிக்கு லைன்மேன் வந்தாரு. பெட்டிக்குள்ளே போய் மாத்துற வழியை இவதான் சீட்டு எழுதி ஒட்டியிருக்காளே! கரண்ட் வந்ததிலேருந்து பெட்டி இருக்கிற இந்த மேஜையிலதான் துணி தேச்சுட்டிருந்தேன். அவருக்குக் கதவைத் திறந்துவிட்டுட்டு மேலே போயிட்டேன்."

"தன் மச்சினனுக்கு இந்த வேலையைக் கேட்டவர்தானே?" என்று அண்ணி துள்ளினாள். "மாட்டினாரு!"

"அம்மா, நான் ஃபைபர்ல வர்ற வெளிச்சத்தை அளந்தேன், அவ்வளவுதான்" என்ற லைன்மேனுக்கு வியர்த்துவிட்டது.

சின்னவள் கடவுச்சொல் இருந்த கோப்பின் தேதியைக் காட்டினாள். கடைசியாக மாற்றிய நேரம்: 1970, ஜனவரி 1, நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டு நிமிடம்.

"ஐயோ, அப்போ நம்ம யாருமே பிறக்கலையே! பேய் வேலையா?" என்றாள் அண்ணி.

"பேய்க்கு யூனிக்ஸ் தெரியாது அண்ணி. இந்தப் பெட்டிக்குள்ளே கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் வந்து விழிச்சதும் யூனிக்ஸ் 1970 ஜனவரி ஒண்ணு நள்ளிரவிலேருந்துதான் எண்ண ஆரம்பிக்கும். நெட் வந்தாத்தான் சரியான நேரம் தெரியும். நம்ம தெருவுக்கோ கரண்ட் வந்து அரை மணி கழிச்சுத்தான் நெட் வரும். அதனால மாத்தினது, பெட்டி விழிச்ச பன்னிரண்டாவது நிமிஷம்."

"விழிச்சது எப்போ?" முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அதையும் அதுவே சொல்லுது. ரெண்டரை மணி நேரமா நிக்காம ஓடுதாம். இப்போ பதினொண்ணு. அப்போ எட்டரை. மாத்தினது எட்டு நாற்பத்திரண்டு." அவள் குரல் தாழ்ந்தது. "லைன்மேன் வந்தது ஒன்பதுக்கு. அண்ணி எங்கே இருந்தீங்க?"

"பிள்ளையை ஸ்கூல்ல விட எட்டு மணிக்கே போனேன். ஒன்பதரைக்குத்தான்..." அண்ணி சட்டென்று நிறுத்தினாள். அவள் பார்வை மேஜைமேல் இருந்த இஸ்திரிப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து மாடிப்படியில் நின்ற அக்காவுக்குப் போனது.

சின்னவளுக்கு வெற்றி கசந்தது. அக்கா முகத்தில் இருந்த பொறாமையை அவள் நன்றாக அறிவாள். இத்தனை வருடம் அந்தத் தோள்பையைப் பார்க்கும்போது அவள் முகமும் அப்படித்தான் இருந்தது.

எழுத்தைத் திருத்தினாள். இணைப்பு வந்தது. திரையில் 1970 மறைந்து இன்றைய தேதி வந்து நின்றது.

"திங்கட்கிழமை வந்துடும்மா" என்றார் முதலாளி.

அக்கா படியிறங்கி வந்தாள். ஆணியில் தொங்கிய தோள்பையை எடுத்து, தங்கையின் மடியில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.