பதினேழு வளைவு

காலை எட்டு மணிக்கு வெர்னா டிரக்கைச் சாலையோரச் சரளையில் நிறுத்தினாள். நவம்பர் மாதம். வெயிலுக்கு இன்னும் வேகம் வரவில்லை. அங்கிருந்து இறங்கும் வறண்ட ஓடை ஒரு மைலில் மலையிடுக்குக்குள் நுழையும், நான்காவது மைலில் ஏரியைத் தொடும். ஹெண்டர்சன் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னாவுக்கு அது பத்து வருடப் பழக்கமான வழி. ஆனால் போன வருடம் மே மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

கிளம்பும்போது கணவன் கர்டிஸ் அவள் பையைத் தூக்கிப் பார்த்தான். "ஆறு பாட்டிலா? ஏரியப் பாக்கப் போறியா, ரொப்பப் போறியா?"

அவளும் சிரித்து வைத்தாள். அவனிடம் சொல்லாத ஒன்று இருந்தது.

அந்த மே மாதம் அவள் ஏரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தபோது, மலையிடுக்கின் வாயில் ஒரு பெரியவர் பாறை நிழலில் உட்கார்ந்திருந்தார். முகம் செங்கல்லாய்ச் சிவந்திருந்தது. ஏரி எவ்வளவு தூரம் என்று கேட்டார். அடுத்த வளைவு தாண்டினால் ஏரிதான் என்று சொல்லிவிட்டு வெர்னா நடையைக் கட்டினாள். உண்மையில் மூன்று மைல். வீட்டுக்குப் போகும் அவசரம் அவளுக்கு. தெம்பாக நடக்கட்டுமே என்றும் ஒரு நினைப்பு. அவள் பையில் ஒரு பாட்டில் தண்ணீர் மிச்சமிருந்தது.

நான்கு நாள் கழித்துப் பேப்பரில் அவர் படம் வந்தது. வெண்டெல் ஹாஸ்கின்ஸ், அறுபத்தொரு வயது. ஏரிக்கு அரை மைல் இருக்கும்போது தாகத்தில் இறந்திருந்தார்.

ஓடை மணல் ஒவ்வோர் அடிக்கும் உள்வாங்கியது. மலையிடுக்குக்குள் நுழைந்ததும் காற்று நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர்கள். வெயிலே படாத அந்தச் சுவரில் கை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

சுட்டது.

முதல் வளைவுக்கு அப்பால் யாரோ இருமினார்கள். வறண்ட, தொண்டையைச் சுரண்டும் இருமல். வெர்னா எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. பாறையடியில் மணல் மட்டும், ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்குக் குழிந்திருந்தது.

"ஏம்மா."

அவள் காதருகே.

"ஏரி இன்னும் எவ்வளவு தூரம்?"

ஓடிவிடலாம் என்றுதான் திரும்பினாள். ஆனால் ஒன்றரை வருடமாக நெஞ்சை அடைத்திருந்தது வாயில் வந்தது. "மூணு மைல். அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

குழிந்த மணல் லேசாகச் சரிந்தது.

"நீ சொல்லிட்டுப் போனப்புறம் பதினேழு வளைவு எண்ணினேம்மா."

வெர்னா ஒரு பாட்டிலைத் திறந்து குழிந்த மணலில் ஊற்றினாள். மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. ஆறு பாட்டிலும் தீரும்வரை கேட்டது. பிறகு அவள், எழுந்திருங்கள், நானே கூட்டிப்போகிறேன் என்றாள்.

பின்னால் வெறுங்கால்கள் மணலை அரைத்துக்கொண்டு வந்தன. அவள் முதுகில் அனல் அடித்தது. ஒவ்வொரு வளைவிலும் இதுவா என்று கேட்டது குரல். இல்லை, இன்னும் இருக்கிறது என்று அவள் உண்மையையே சொன்னாள். திரும்பிப் பார்க்கவில்லை. பதினேழாவது வளைவில் காலடிகள் நின்றன.

"இதுக்கு மேல எனக்கு வழி தெரியாதும்மா."

"எனக்குத் தெரியும். வாங்க."

ஏரி தெரிந்ததும் அந்த அனல் அவள் தோளை உரசிக்கொண்டு முன்னால் போனது. கரையோரத் தண்ணீர் விலகியது, வளையம் வளையமாக விரிந்தது, அடங்கியது. வெர்னா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

வீடு திரும்பி கர்டிஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேலி செய்யவில்லை. அவள் கையைப் பிடித்தபடி, அடுத்த முறை நானும் வருகிறேன் என்றான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்கு நல்ல தூக்கம்.

அடுத்த அக்டோபரில் இருவரும் சேர்ந்தே ஏரிக்கு நடந்தார்கள். கோடையில் தண்ணீர் வெகுவாக இறங்கி, பழைய கரையிலிருந்து கால் மைல் தூரத்துக்குச் சேறாகக் கிடந்தது. அந்தப் பகுதியைக் காக்கும் ஓசூனா என்ற பெண் ரேஞ்சர் அங்கே கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். இறங்காதீர்கள், இடுப்புவரை புதைந்துவிடும் என்று எச்சரித்தாள்.

ஆனால் சேற்றின் மேல் ஒற்றை ஆளின் வெறுங்கால் தடம் போயிருந்தது. போன வருடம் வெர்னா உட்கார்ந்து அழுத இடத்திலிருந்து நேராகத் தண்ணீரை நோக்கி.

"ஜூன்லேர்ந்து பாக்குறேன் மேடம்," என்றாள் ஓசூனா தாழ்ந்த குரலில். "தண்ணி எவ்வளவு பின்னால போகுதோ, தடமும் அவ்வளவு நீளுது. ஆனா தண்ணியத் தொடல. ஓரடி முன்னாடியே நின்னுடுது."

கர்டிஸ் கழுத்தில் தொங்கிய பைனாகுலரை எடுத்துப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. அதை வெர்னாவிடம் நீட்டினான்.

கடைசித் தடம் புதிது. அதில் இன்னும் நீர் ஊறிக்கொண்டிருந்தது. அதன் விரல்கள் ஏரிப் பக்கம் இல்லை.

கரையில் நின்ற அவளை நோக்கித் திரும்பியிருந்தன.